ஜிலேபிக்கு வாரம் ஒரு எலி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் வீட்டிலோ படைக்குப் பயந்து ஓடியவன் பாம்பை விட்டுவிட்டுப் போனான். அவன் வேறு யாருமில்லை, என் மகன் கணேஷ்குமார். பாம்பை வளர்க்கிற பாரம் வந்து விழுந்தது என் வீட்டுக்காரர் தலையில். அந்தத் தலையில் ஏற்கெனவே நாலு கட்டடத்துத் தண்ணீர் இருந்தது.

அவர் பெயர் அய்யாசாமி. யாங்கோன் நகரத்தில், லான்மடாவில் எங்கள் தெருவுக்கு வந்து அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. "மோட்டார் ஊலே" என்று கேளுங்கள், பால் குடிக்கிற பிள்ளைகூடக் கை காட்டும். பர்மாக்காரர்களுக்கு மாமா, சித்தப்பா எல்லாருமே ஊலேதான். எங்கள் கட்டடத்தையும் சேர்த்து நாலு கட்டடத்துக்கு அவர்தான் மோட்டார் போட்டு, கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடிக்கு ஏற்றுகிறவர். கரண்ட் இருந்தால்தான் ஏற்ற முடியும். யாங்கோனில் கரண்ட் வந்தால் வந்தது, போனால் போனது. அட்டவணை என்று ஒன்று போடுகிறார்கள். போட்டவர்களே அதை மதிப்பதில்லை. கரண்ட் வந்த நிமிஷம் தெரு முழுக்க "மீ லாபி! மீ லாபி!" என்று கூச்சல் எழும். விளக்கு வந்தாச்சு என்று ஊரே கொண்டாடும்போது இவர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். குளிக்கப் போனவர் சோப்போடு இறங்கி ஓடிய நாளும் உண்டு.

இதிலே ஒரு கூத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டுச் சோறு வேகிறதும் அதே கரண்ட்டில்தான். மீ லாபி என்றதும் நான் குக்கரைப் போடுவேன், அவர் ஐந்து மாடிப் படியில் இறங்குவார். இங்கே சோறு ஆவி பறக்க இறங்கும், அவர் மூன்றாவது கட்டடத்தில் வால்வு திருப்பிக்கொண்டிருப்பார். கரண்ட் போன பிறகு ஏறி வருவார். "பசிக்கல லதா, கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்பார். சாய்ந்தால் தூங்கிவிடுவார். சோறு சட்டியிலேயே விறைத்துப் போகும். என் பெயர் புஷ்பலதா. அதில் பாதியைச் சொல்லத்தான் அவருக்குத் தெம்பு மிச்சம். எழுப்பிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஊட்டியும் பார்த்தேன். என் வாய்தான் வலித்தது.

இந்த அழகில்தான் பாம்பு வந்தது. கணேஷ் அப்போது செல்போன் கடையில் வேலை பார்த்தான். ஒருநாள் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில், சிவப்புத் திட்டுத்திட்டாக, சுண்டுவிரல் கனத்தில் ஒன்று நெளிந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டடத்துப் புறாவெல்லாம் பறந்தது. "அம்மா, இது அமெரிக்காவுல சோளக்காட்டுல இருக்கற சாதிம்மா. விஷம் கிடையாது. கடிக்கவும் தெரியாது, பாவம்" என்றான். அது சுருண்டு படுத்ததைப் பார்த்து, "ஜிலேபி மாதிரி இல்ல?" என்று சிரித்தான். அதுவே பெயராகிவிட்டது. அன்றைக்கு ஜிலேபி தின்பதை விட்டவள்தான் நான். எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். பதினைந்து, இருபது வருஷம் என்றான். அடப்பாவி, நானே அத்தனை வருஷம் இருப்பேனா என்று கேட்டேன்.

அப்புறம் இளவட்டங்களைப் பட்டாளத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு வீடு அழுகை. ஆம்பளைப் பிள்ளை வைத்திருந்தவர்கள் அன்னந்தண்ணி இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். கணேஷ் தாய்லாந்துக்குப் போகிறேன் என்றான். இவர் போகாதே என்றார். "எங்க அப்பன் துறைமுகத்துல மூட்டை தூக்குனாரு. எத்தனையோ கலவரம் வந்துச்சு, போச்சு. நாங்க ஓடலடா" என்றார். பயத்தில் பேசுகிற ஆம்பளைக்கு அந்தப் பயத்தைச் சொல்ல மட்டும் வாய் வராது. கணேஷும் சும்மா இருக்கவில்லை. "உங்களை மாதிரி மோட்டார் சுவிட்சைப் பாத்துக்கிட்டே நானும் சாகணுமா?" என்று கேட்டுவிட்டான். மறுநாளிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஊமைகள்.

அவன் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்பாவிடம் போய் நின்றான். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. "ஏழு நாளைக்கு ஒரு எலி. தண்ணி தினமும் மாத்தணும். மூடியில நாலு கிளிப் இருக்கு, நாலையும் போடணும்" என்றான். இவர் தலையாட்டினார். அவ்வளவுதான் அப்பனும் மகனும் விடைபெற்ற லட்சணம்.

இப்போது அவன் பாங்காக் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுவான். என்னிடம் அழுகை, சிரிப்பு, ரசத்துக்குப் பக்குவம், எல்லாம் பேசுவான். பிறகு, "அப்பாகிட்ட குடும்மா" என்பான். இவர் போனை வாங்கிப் பெட்டிப் பக்கம் திருப்பிப் பிடிப்பார். "சாப்பிட்டுச்சா?" என்று கேட்பான். "சாப்பிட்டுச்சு." "தோல் உரிச்சுச்சா?" "உரிச்சுச்சு." எலி கொடுக்கிற நாளை இவர் வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவைத்தார். அது எலியை விழுங்கி முடிக்கிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம் அவனும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் வால் உள்ளே போனதும் "சரி, வெக்கறேன்" என்பான். ஒரு தடவைகூட போன் இவர் முகத்துப் பக்கம் திரும்பியதில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவர் சவரம் செய்துகொள்வார். அந்தப் பாம்பு போனால் இவர்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே இருக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

எலிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பின்சந்தில் பெருச்சாளி எக்கச்சக்கம். ஆனால் அதெல்லாம் மருந்து தின்ற எலி, ஆகாது என்று கணேஷ் கண்டித்துச் சொல்லியிருந்தான். கீழே மீன்தொட்டியும் கிளித்தீனியும் விற்கிற ஷாஹுல் தம்பியிடம் வளர்ப்பு வெள்ளெலி, ஐஸில் வைத்தது, கிடைக்கும். என் ஃபிரிட்ஜில் வைக்க முடியாது. கரண்ட் போனால் மீனும் எலியும் சேர்ந்து உருகும், குமட்டிக்கொண்டு வரும். அதனால் வாரத்துக்கு ஒன்றாக ஷாஹுல் கொடுத்தனுப்புவான். இங்கே மாடிவீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பரோ, கீரையோ, ரொட்டியோ கீழே இருப்பவர் மாட்டிவிட்டு மணியடித்தால் மேலே இழுத்துக்கொள்வோம். எங்கள் கயிறு பச்சை. நேர் கீழே நாலாவது மாடியில் இருக்கிற ராணியின் கயிறு நீலம். எலி நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்கு முந்தி ஒருநாள் காற்றில் இரண்டும் பின்னிக்கொண்டது, ஷாஹுல் எலியை நீலத்தில் மாட்டிவிட்டான்.

அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை. ராணி தலைக்குக் குளித்துவிட்டுப் பூ வந்திருக்கும் என்று இழுத்தாள். வந்தது விறைத்துப்போன எலி. காளி மாதிரி மேலே ஏறி வந்தாள். "ஏன்க்கா, உங்க வீட்டுல என்ன சமைக்கறீங்க?" என்று கத்திக்கொண்டே நுழைந்தவள், மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். ஜிலேபி தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. அவ்வளவுதான், ராணி எலியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா தாயே, என் தலைக்கு மேலயா இருந்தே!"

அவளுக்கு ஒரே மகள், சாந்தி. முப்பத்திரண்டு வயதாகிறது. ஜாதகத்தில் நாகதோஷம் என்று சொல்லி இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் ஒரு வரன், சட்டிபானை வியாபாரம், பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ராணி அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் கொண்டுவந்து பெட்டிமுன் வைத்துக் கற்பூரம் கொளுத்தினாள். "ராணியம்மா, இது பால் குடிக்காது" என்று இவர் சொன்னார். "உங்களுக்கு மோட்டாரைப் பத்தித் தெரியும்ண்ணே, சாமியைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். அவள் போனதும் பாலை இவர் குடிப்பார். முட்டையை நான் ஆம்லெட் போடுவேன். மறுவாரம் காலிக் கிண்ணத்தைப் பார்த்து ராணிக்குக் கண் கலங்கும். ஒரு மனுஷர் வயிற்றில் வாரம் ஒருமுறையாவது பால் போகிறதே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் எனக்கும் அலுத்துத்தான் போயிற்று. "த்வாண்டே போற வழியில பாம்புப் பகோடான்னு புத்தர் கோயில் இருக்குல்ல, அக்கரை டாலாவுக்குப் போட் ஏறி அங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவோம்" என்று ஒருநாள் சொன்னேன். படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "அங்க இருக்கறதெல்லாம் மலைப்பாம்பு லதா. இது பயந்துடும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

சித்திரைப் புதுவருஷத்துத் திஞ்சான் பண்டிகை முடிந்த வெயில் இருக்கிறதே, அப்பப்பா, மனுஷரைத் தோலுரிக்கிற வெயில். அந்த நாட்களில் கரண்ட் வருகிற நேரம் போகிற நேரம் எதுவும் பிடிபடவில்லை. இவர் நாய்படாத பாடு பட்டார். ஒரு வியாழக்கிழமை ஜிலேபிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது "மீ லாபி" என்று சத்தம். மூடியை வைத்தார், கிளிப் போடவில்லை, ஓடினார். திரும்பி வந்து அப்படியே தரையில் சாய்ந்து தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் பெட்டி காலி.

கட்டிலுக்கடியில் பார்த்தோம், அரிசிப் பானையில் பார்த்தோம், இங்கே எல்லாரும் லுங்கி மாதிரிக் கட்டுகிற லோஞ்சிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தோம். குழாய் போகிற இடத்தில் எல்லாம் டார்ச் அடித்தார். மோட்டார் போட்டுவிட்டு வந்து பின்சந்துக் குப்பைக்குள் குனிந்து தேடுவார். ஞாயிற்றுக்கிழமை கணேஷ் கூப்பிட்டபோது, "லைன் சரியில்லடா, படம் வராது" என்றார். "சாப்பிட்டுச்சா?" "சாப்பிட்டுச்சு." பொய் சொல்லத் தெரியாத மனுஷர். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் அதே லைன், அதே சுவர். அதற்கடுத்த ஞாயிறு கணேஷ், "செத்துடுச்சுன்னா சொல்லிடுங்கப்பா. அடுத்த வாரம் காட்டுங்க. இல்லன்னா சும்மா எதுக்கு ரெண்டு பேரும் போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றான்.

அந்த வாரம் இவர் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. "உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றேன். "சொன்னா கூப்பிட மாட்டான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, அப்பன் மகன் இரண்டு பேர் மண்டையையும் பிடித்து முட்டவிட வேண்டும் என்றிருந்தது. ஒருத்தன் எல்லை தாண்டிப் போன கல், ஒருத்தர் வீட்டில் இருக்கிற கல். நடுவில் நான் என்ன அரைக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி காலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பால் வரவில்லை. அதற்கு முந்தின வெள்ளியும் வரவில்லை. பாம்பு காணாமல் போனதை நாங்கள் ராணியிடம் சொல்லவே இல்லை. சொல்லாதபோது அவள் ஏன் பாலை நிறுத்தினாள்? மூட்டுவலியை மறந்து கீழே இறங்கினேன்.

ராணி கதவை ஒருசாண் திறந்து, "என்னக்கா?" என்றாள். "பால் வரலையே ராணி?" என்றேன். "பால்காரன் வரலக்கா" என்றாள். உள்ளேயிருந்து கற்பூர வாசம் தெருவைத் தூக்கியது. நான் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிக் கதவு போட்ட சாமி அலமாரியில், மாரியம்மன் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவே, பித்தளைத் தட்டில் சுருண்டு படுத்திருந்தது எங்கள் ஜிலேபி. உடம்பெல்லாம் மஞ்சள், தலையில் குங்குமப் பொட்டு, சுற்றி மல்லிகைச் சரம்.

"அடிப்பாவி! திருடியா வெச்சிருக்கே?"

"வாயைக் கழுவுங்கக்கா! நானா கூப்பிட்டேன்? உங்க பால்கனியிலேருந்து அவளே கயிறு புடிச்சு எறங்கி வந்தா. வெள்ளிக்கெழமை காலையில கதவைத் தொறந்தா சாமி முன்னாடி படுத்திருக்கா. மூணாம் நாளு த்வாண்டேலேருந்து சரின்னு சொல்லிட்டாங்க. இப்ப தூக்கிக் குடுத்துட்டு, அந்தச் சம்பந்தம் நின்னா நான் எங்க போவேன்?"

"மேல ஒரு மனுஷன் குப்பைக்குள்ள கை விட்டுத் தேடிக்கிட்டிருக்காரு. உனக்குத் தெரியும்ல?"

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்க்கா. ரெண்டு தடவை உங்க வாசல் வரைக்கும் வந்தேன். சாந்தி மூஞ்சியை நெனச்சுத் திரும்பிட்டேன்."

படிக்கட்டில் நின்று அவரைக் கூப்பிட்டேன். கையில் போனோடு இறங்கி வந்தார். அவன் கூப்பிடுகிற நேரம் ஆகிவிட்டதே. அலமாரியைப் பார்த்தவர் ராணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உயிரோட இருக்கு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"எடுக்காதீங்கண்ணே, அவளைக் கொண்டுபோயிடாதீங்க" என்று ராணி அழுதாள். "கொண்டுபோகலம்மா, கல்யாணம் முடியட்டும். பையனுக்குக் காட்டிக்கறேன்" என்றார். இரண்டு கையாலும் ஜிலேபியை மெதுவாக எடுத்தார். பசியில் இருந்த பாம்பு அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கை இரண்டும் போயிற்று, போனைப் பிடிக்க ஆளில்லை. பாம்புக்குப் பக்கத்தில் நான் இன்றைக்கும் போக மாட்டேன். "ராணியம்மா, இந்தப் போனைக் கொஞ்சம் எடுத்துப் புடிங்க" என்றார்.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்தாள். முதலில் கூரை தெரிந்திருக்கும், அப்புறம் மாரியம்மன், அப்புறம் பாம்பு. கணேஷ் சிரித்தான். அவன் போன நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அப்பா, என்னப்பா இது? ஜிலேபிக்குப் பொட்டு வெச்சிருக்கு!"

சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். ராணிக்கு இவரைப் போலப் பாம்பை மட்டும் காட்டத் தெரியாது. போனை நேராகப் பிடித்திருந்தாள். பாம்போடு அதைப் பிடித்திருந்த மனுஷரும் தெரிந்தார். ஒட்டிப்போன கன்னம், எலும்பு துருத்திய தோள், முழுக்க வெளுத்த தலை.

"அப்பா," என்றான். "சாப்பிட்டீங்களா?"

இவருக்கு விளங்கவில்லை. "எங்கடா, மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. ராணியம்மா பால்தான் வெச்சிருக்காங்க, அது குடிக்காது. இன்னிக்கே ஷாஹுல்கிட்ட சொல்லி ஒரு எலி..."

"ஜிலேபியைக் கேக்கலப்பா. உங்களைக் கேக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

அதற்குள் தெருவில் கிளம்பிவிட்டது. "மீ லாபி! மீ லாபி!" ராணி வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டியது. கீழேயிருந்து, "ஊலே! மோட்டார் ஊலே!" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். பழக்கதோஷம், பாம்போடு பாதி எழுந்துவிட்டார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். "உக்காருங்க. மகன் கேக்கறான்ல, பதில் சொல்லுங்க." அவர் இடுப்பில் செருகியிருந்த மோட்டார் அறைச் சாவியை உருவிக்கொண்டு நடந்தேன்.

அந்தச் சுவிட்சைச் சாகும்வரை தொட மாட்டேன் என்று சொன்னவள் நான். அப்பனையும் மகனையும் ஊமையாக்கிய சுவிட்ச் அது. ஒவ்வொரு படியாகக் கம்பியைப் பிடித்து இறங்கினேன். கீழே நின்றவர்கள், "ஊலே எங்கே?" என்று பர்மா பாஷையில் கேட்டார்கள். மகனோடு பேசிக்கொண்டிருக்கிறார், இன்றைக்கு நான்தான் என்று சொன்னேன். எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டாவது கட்டடத்தில் லோஞ்சியெல்லாம் நனைந்தது. ஒருவழியாக நாலையும் ஓடவிட்டேன்.

ஏறி வர வெகு நேரமாயிற்று. ராணி வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜிலேபி அலமாரிக்குள் போயிருந்தது. ராணி கரியடுப்பில் வைத்திருந்த சுடுசோற்றைத் தட்டு நிறையப் போட்டு, பருப்புக் குழம்பை ஊற்றியிருந்தாள். போன் ஒரு சொம்பில் சாய்ந்து நின்றது. இவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் தட்டில் விழுந்ததை அவர் துடைக்கவில்லை. கடைசிப் பருக்கை உள்ளே போகிற வரைக்கும் கணேஷ் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.